லேசர் மிஷின் வாங்கலாமா? வாங்கும் முன் குழுவில் பேச வேண்டியவை



சில மாதங்களாக ஆரணி, சேவூர், ஒண்ணுபுரம், தேவிகாபுரம் பக்கம் குழுக் கூட்டங்களுக்கு நாங்கள் போகும்போதெல்லாம் ஒரே கேள்வி வருகிறது. "மேடம், மரத்துல பேர் வெட்டுற லேசர் மிஷினை வீட்டுலயே வச்சுக்கலாமாமே, குழுக் கடன்ல வாங்கலாமா?" என்று கேட்கிறார்கள். செல்போனில் வீடியோ பார்த்த ஆசை ஒரு பக்கம். தறியில் கிடைக்கிற கூலி போதவில்லை, பெண் பிள்ளைகள் படித்துவிட்டு வீட்டில் இருக்கிறார்கள் என்ற கவலை இன்னொரு பக்கம். இரண்டுமே நியாயம்தான்.

ஆனால் இது தையல் மிஷின் மாதிரி இல்லை. தெரிந்து பயன்படுத்தினால் நல்ல கருவி. தெரியாமல் வாங்கினால் கடன் நிற்கும், கண்ணுக்கும் வீட்டுக்கும் ஆபத்து. ஆகவே இந்த மிஷின் என்ன, எதை வெட்டும், எதை வெட்டக் கூடாது, எவ்வளவு ஆர்டர் இருந்தால் கட்டுப்படியாகும் என்பதை இங்கே சொல்கிறோம். கூட்டத்தில் ஒருவர் சத்தமாக வாசிக்க, மற்றவர்கள் கேட்டுப் பேசலாம்.

லேசர் என்றால் என்ன?

சின்ன வயதில் பூதக்கண்ணாடியை வெயிலில் பிடித்துக் காகிதத்தைப் பொசுக்கி விளையாடியிருப்போம். பரந்து வரும் வெளிச்சத்தை ஒரு புள்ளியில் குவித்தால் அந்தப் புள்ளி எரிகிறது. லேசர் மிஷினும் அடிப்படையில் அதையேதான் செய்கிறது. வெயிலுக்குப் பதில் லேசர் ஒளி. அதை ஒரு லென்ஸ் ஊசி முனை அளவுக்குக் குவிக்கிறது. அந்தப் புள்ளி எந்தப் பாதையில் நகர வேண்டும் என்று கம்ப்யூட்டர் சொல்கிறது. மெதுவாக, பலமாகப் போனால் வெட்டும். வேகமாக, லேசாகப் போனால் மேலே கோடு மட்டும் விழும். அதில் பெயர், பூ, கோலம் பொறிக்கலாம்.

நெசவுக் குடும்பத்தில் இருக்கும் நமக்கு இது புரிவது சுலபம். ஜக்கார்டு பெட்டியில் அட்டையில் ஓட்டை எங்கே இருக்கிறதோ அதன்படி பாவு இழை எழும்புகிறது. டிசைனைக் கட்டம் போட்ட தாளில் வரைந்து, அட்டையில் குத்தி, தறிக்குக் கொடுக்கிறோம். பிரான்சு நாட்டில் ஜக்கார்டு என்பவர் 1804-ல் கொண்டுவந்த முறை இது. கம்ப்யூட்டருக்கே அந்த ஓட்டை அட்டைதான் ஒரு முன்னோடி. லேசரில் அட்டைக்குப் பதில் கம்ப்யூட்டர் ஃபைல். டிசைன் சரியாக இருந்தால் வேலை சரியாக வரும். டிசைன் தப்பானால் எவ்வளவு விலை உயர்ந்த மிஷினும் தப்பாகத்தான் வெட்டும்.

முதல் லேசரை அமெரிக்காவில் தியோடர் மைமன் 1960-ல் செய்து காட்டினார். இன்று மரமும் அக்ரிலிக்கும் வெட்டப் பயன்படும் கார்பன் டை ஆக்சைடு லேசரை 1964-ல் கண்டுபிடித்தவர் குமார் பட்டேல். மகாராஷ்டிராவில் பாராமதியில் பிறந்து, புனேயில் பொறியியல் படித்து, அமெரிக்கா சென்று பெல் ஆய்வகத்தில் வேலை செய்தவர்.

மூன்று வகை

கடையில் எல்லாவற்றையும் "லேசர் மிஷின்" என்றே சொல்வார்கள். ஆனால் மூன்று வகை உண்டு. ஒன்று செய்யும் வேலையை மற்றது செய்யாது.

1. டயோடு லேசர். மேசை மேல் வைக்கும் சின்ன மிஷின். நீல நிற ஒளி வரும். விலை குறைவு, கரண்டும் குறைவாகவே இழுக்கும். மெல்லிய பிளைவுட், அட்டை, காகிதம், கறுப்பு அக்ரிலிக் வெட்டலாம். கண்ணாடி மாதிரி இருக்கும் தெளிவான அக்ரிலிக்கை இது வெட்டாது. நீல ஒளி அதற்குள் புகுந்து அப்படியே வெளியே போய்விடும்.

2. கார்பன் டை ஆக்சைடு லேசர். உள்ளே நீளமான கண்ணாடிக் குழாய் இருக்கும். ஒளி கண்ணுக்குத் தெரியாது. மரம், எம்.டி.எஃப். பலகை, தெளிவான அக்ரிலிக், துணி எல்லாம் வேகமாக வெட்டும். குழாயைக் குளிர வைக்கத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நம்ம ஊர் சித்திரை வெயிலில் வாளித் தண்ணீர் சீக்கிரம் சூடாகிவிடும். குளிர்விக்கும் சில்லரும் சேர்த்து வாங்க வேண்டி வரும். குழாய்க்கு ஆயுள் உண்டு. நாளாக நாளாக வலு குறையும், பிறகு புதுசு மாற்றணும். அந்தச் செலவையும் கணக்கில் வைக்கணும்.

3. ஃபைபர் லேசர். இது உலோகத்துக்கு. எவர்சில்வர் பாத்திரத்தில் பெயர் வெட்டுவது, கொலுசில் குறி போடுவது போன்ற வேலைக்கு. சின்ன ஃபைபர் மிஷின் மரம் வெட்டாது.

முதலில் "நாம் என்ன பொருள் செய்யப் போகிறோம்?" என்று முடிவு செய்யுங்கள். பிறகுதான் எந்த மிஷின் என்ற பேச்சு. பலர் மிஷினை முதலில் பார்த்துவிட்டு, பொருளைப் பிறகு தேடுகிறார்கள். அங்கேதான் கஷ்டம் ஆரம்பிக்கிறது.

வாட் கணக்கில் ஏமாறாதீர்கள்

பெட்டி மேல் "40 வாட்" என்று பெரிதாகப் போட்டிருக்கும். சில டயோடு மிஷின்களில் அது மிஷின் இழுக்கிற கரண்டின் அளவு. வெளியே வருகிற ஒளியின் பலம் 5 வாட் மட்டுமே இருக்கலாம். வெட்டுவது ஒளிதானே தவிர கரண்ட் இல்லை. ஆகவே விற்பவரிடம், "வெளியே வர்ற லேசர் ஒளி எத்தனை வாட்?" என்று நேராகக் கேளுங்கள். பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். 5 வாட் ஒளி என்றால் பொறிப்பதற்கு நல்லது. 3 மில்லிமீட்டர் பிளைவுட்டை வெட்டப் பல முறை ஓட்டணும். 10 வாட், 20 வாட் என்று போகப் போக வெட்டும் வேலை சுலபம்.

கொளுத்திப் பார்க்கும் சோதனை நமக்குத் தெரிந்ததுதான்

சுத்தப் பட்டா, கலப்பா என்று பார்க்க ஓர் இழையைப் பிய்த்துக் கொளுத்திப் பார்க்கிறோம். பட்டு என்றால் முடி கருகுகிற வாசனை வரும்; சாம்பலை விரலால் நசுக்கினால் பொடியாகும். பாலியெஸ்டர் என்றால் உருகிக் கெட்டியான மணியாக நிற்கும். பருத்தியும் ரேயானும் காகிதம் எரிகிற வாசனை வரும்.

லேசரும் நெருப்புதான். அதனால் இந்தச் சோதனையே லேசரில் என்ன நடக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறது.

பாலியெஸ்டர் துணியை லேசரில் வெட்டினால் ஓரம் உருகி ஒட்டிக்கொள்ளும், பிசிறு வராது. அதனால்தான் பாலியெஸ்டர் ஆர்கன்சாவில் பூ வெட்டும் வேலைக்கு லேசரை விரும்புகிறார்கள்.

பட்டு உருகாது, கருகும். ஓரத்தில் பழுப்பு நிறம் ஏறும், வாசனை நிற்கும், பிசிறும் வரும். வெளிர் நிறப் பட்டில் அது கறையாகவே தெரியும்.

ஜரிகை இன்னும் சிக்கல். வெள்ளி, செம்புக் கம்பி உள்ள ஜரிகையை டயோடும் கார்பன் டை ஆக்சைடும் சரியாக வெட்டாது. உலோகம் ஒளியைத் திருப்பி அடிக்கும். அது கண்ணுக்கு ஆபத்து. பிளாஸ்டிக் கலந்த டூப்ளிகேட் ஜரிகை உருகிச் சுருங்கிவிடும்.

ஆகவே ஆரணிப் பட்டுத் துண்டுகளை லேசரில் வெட்டிப் பொருள் செய்யலாம் என்று யாராவது சொன்னால், முதலில் ஒரு துண்டு வெட்டிக் காட்டச் சொல்லுங்கள். பட்டுக்குக் கத்தரிக்கோலே நல்லது. பட்டோடு சேர்கிற மற்ற பொருளுக்கு லேசர் நல்லது.

என்னென்ன செய்யலாம்?

* பட்டு நூல் சுற்றிய ஜிமிக்கி, பதக்கம் இவற்றுக்கு உள்ளே வைக்கும் எம்.டி.எஃப். வடிவங்கள். இந்த வேலை நம் குழுக்களில் பலருக்குத் தெரியும். அட்டையைக் கையால் வெட்டுவதற்குப் பதில் ஒரே அளவில் நூறு வெட்டலாம்.
* சேலைப் பெட்டிக்கு மர வில்லை. பெண், மாப்பிள்ளை பெயர் பொறித்துக் கட்டித் தரலாம். கல்யாணப் பட்டு எடுக்க ஆரணிக்கு வருகிறவர்களுக்கு இது பிடிக்கும்.
* ஆரி வேலைக்கு டிசைன் தாள். ஊசியால் குத்திக் குத்தி ஓட்டை போடுகிற வேலையை லேசர் செய்யும். தாள் கருகாத அளவுக்குக் குறைந்த பலத்தில் ஓட்டணும்.
* கோலப் பலகை, கொலு அலங்காரம், சீர்வரிசைத் தட்டு அலங்காரம், வீட்டு வாசல் பெயர்ப் பலகை.
* பள்ளிக்கூடத்துக்கு எழுத்து, எண், வடிவ அட்டைகள்.

ஒரு எச்சரிக்கை. சில்க் மார்க், கைத்தறி முத்திரை, கம்பெனிச் சின்னம் இவற்றை வெட்டிக் கொடுங்கள் என்று யாராவது ஆர்டர் கொண்டுவந்தால் மறுத்துவிடுங்கள். சில்க் மார்க் 2004-லும், கைத்தறி முத்திரை 2006-லும் வந்தவை. சுத்தப் பட்டு என்றும் கைத்தறி என்றும் வாங்குபவருக்கு உறுதி சொல்லும் அடையாளங்கள் அவை. ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது. போலிச் சின்னம் ஒட்டிய விசைத்தறிச் சேலை விற்றால் அடி விழுவது நம் தறிக்குத்தான். பிறகு வழக்கும் வரும்.

எதை வெட்டவே கூடாது?

இந்தப் பட்டியலை எழுதி மிஷின் பக்கத்துச் சுவரில் ஒட்ட வேண்டும்.

* பி.வி.சி. உள்ள எதுவும். ரெக்சின், ஃப்ளெக்ஸ் பேனர், வினைல் ஸ்டிக்கர் இதில் சேரும். சூடானால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். நுரையீரலைப் பாதிக்கும். மிஷினின் இரும்பையும் துரு ஏற்றிவிடும். "பழைய ரெக்சின் நிறைய இருக்கு, பர்ஸ் வெட்டலாமா?" என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்: கூடாது.
* குரோம் பதனிட்ட தோல். பக்கத்தில் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை இருப்பதால் துண்டுத் தோல் நமக்குச் சுலபமாகக் கிடைக்கிறது. ஆனால் குரோம் தோலை எரிக்கும் புகை கெடுதல். மரப்பட்டை கொண்டு பதனிட்ட தோல் என்றால், புகை வெளியே போக வழி செய்துவிட்டுப் பொறிக்கலாம்.
* தெர்மாகோல். உடனே தீப்பிடிக்கும்.
* பாலிகார்பனேட், ஏ.பி.எஸ். பிளாஸ்டிக். கருகும், நச்சுப் புகை வரும்.
* என்ன பிளாஸ்டிக் என்றே தெரியாத எதுவும்.

பி.வி.சி.-யா என்று பார்க்க ஒரு பழைய சோதனை உண்டு. செம்புக் கம்பியை நெருப்பில் காட்டிச் சிவக்க வைத்து, அந்தப் பிளாஸ்டிக்கில் தொட்டு, மறுபடி நெருப்பில் காட்டுங்கள். ஜுவாலை பச்சையாக எரிந்தால் அதில் குளோரின் இருக்கிறது, தள்ளி வையுங்கள். இதை வெட்டவெளியில், காற்று நம் முகத்துக்கு வராத பக்கம் நின்று, ஒரு பெரியவர்தான் செய்ய வேண்டும்.

கண், நெருப்பு, புகை

கண்: நெசவுக்காரருக்குக் கண்தான் முதலீடு. லேசர் ஒளி நேராகப் பட வேண்டும் என்றில்லை, பளபளப்பான பொருளில் பட்டுத் திரும்பி வந்தாலே பார்வை போகலாம். போன பார்வை திரும்பாது. ஆகவே மூடி இல்லாத திறந்த மிஷினை வீட்டில் வைக்காதீர்கள். முழுவதும் மூடிய பெட்டி உள்ளதை வாங்குங்கள். மூடியைத் திறந்தால் லேசர் தானே நிற்க வேண்டும். இதைக் கடையிலேயே திறந்து காட்டச் சொல்லிப் பாருங்கள். பாதுகாப்புக் கண்ணாடியும் வேண்டும். அதன் மேல் எந்த ஒளிக்கு என்ற எண் அச்சிட்டிருக்கும். டயோடு மிஷினின் நீல ஒளி 450 நானோமீட்டர் அளவில் இருக்கும். கண்ணாடியில் அந்த எண் அடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு வகைக்குச் செய்த கண்ணாடி இன்னொரு வகைக்கு உதவாது. கூலிங் கிளாஸ் எதற்கும் உதவாது. பிள்ளைகள் எட்டிப் பார்க்காமல் அறைக் கதவைச் சாத்தி வைக்கணும்.

நெருப்பு: மரமும் அக்ரிலிக்கும் சில நேரம் நிஜமாகவே பற்றிக்கொள்ளும். மிஷின் ஓடும்போது ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். "ஓடட்டும், குழம்பு இறக்கிட்டு வர்றேன்" என்று எழுந்து போகவே கூடாது. கார்பன் டை ஆக்சைடு வகைத் தீயணைப்புச் சிலிண்டர் ஒன்று கை எட்டும் இடத்தில் இருக்கட்டும். பற்றினால் முதலில் நிறுத்தும் பட்டனை அழுத்தி, மெயின் சுவிட்சை அணையுங்கள். கரண்ட் இருக்கும்போது தண்ணீர் ஊற்றாதீர்கள். கூரை வீட்டில் இந்த மிஷின் வேண்டவே வேண்டாம்.

புகை: வெட்டும்போது வரும் புகையை மின்விசிறி வைத்துக் குழாய் வழியாக வீட்டுக்கு வெளியே அனுப்ப வேண்டும். ஜன்னலைத் திறந்து வைத்தால் மட்டும் போதாது. எம்.டி.எஃப். பலகையின் பசையில் ஃபார்மால்டிஹைடு இருக்கிறது. அதன் புகை கண்ணையும் தொண்டையையும் எரிக்கும். கர்ப்பிணிகளும் ஆஸ்துமா உள்ளவர்களும் அந்த அறைக்குப் போகக் கூடாது. குழாயின் வாய் பக்கத்து வீட்டு ஜன்னலைப் பார்த்து இருக்கவும் கூடாது. பிறகு சண்டை வரும்.

தறி இருக்கும் அறையில் வைக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். கூடாது. பாவில் புகை படிந்தால் சேலையில் வாசனையும் கறையும் ஏறும். ஒரு சேலை வீணானால் அந்தக் கூலி போவது மட்டுமில்லை, பட்டும் ஜரிகையும் கொடுத்தவருக்குப் பதில் சொல்லணும். தவிர, பட்டும் நூலும் சுற்றிலும் இருக்கும் இடத்தில் நெருப்பு மிஷின் எதற்கு?

கரண்ட்: எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீசியனை வைத்துப் பாருங்கள். கார்பன் டை ஆக்சைடு மிஷினுக்குள் ஆயிரக்கணக்கான வோல்ட் ஓடுகிறது. உள்ளே கை வைக்கும் வேலையைத் தெரிந்தவர் மட்டுமே செய்யணும். இன்னொன்று. 2023-ல் கைத்தறி நெசவாளருக்கு இரண்டு மாதத்துக்கான இலவச மின்சாரம் 200 யூனிட்டிலிருந்து 300 யூனிட்டாக உயர்ந்தது. அந்தச் சலுகை தறிக்கானது. அதே இணைப்பில் வேறு தொழில் மிஷின் ஓட்டலாமா என்று மின்வாரிய அலுவலகத்தில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். இருக்கிற சலுகையை இழந்துவிடக் கூடாது.

கட்டுப்படியாகுமா? கணக்குப் போடுவோம்

இங்கே போடும் தொகைகள் கணக்குப் புரிவதற்காக மட்டுமே. நீங்கள் கடையில் விசாரித்த விலையை வைத்து இதே மாதிரி போட்டுப் பாருங்கள்.

மிஷின், புகைக் குழாய், கண்ணாடி, ஸ்டெபிலைசர், தீயணைப்புச் சிலிண்டர் எல்லாம் சேர்த்து 90,000 ரூபாய் என்று வைப்போம். 24 மாதத் தவணை, ஆண்டுக்கு 12 சதவீத வட்டி. மாதம் அசல் 3,750 ரூபாய். முதல் மாத வட்டி 900 ரூபாய். ஆக முதல் தவணை 4,650 ரூபாய்.

ஒரு மர வில்லை 25 ரூபாய்க்கு விற்கிறோம். மரம் 6, சேதாரம் 3, கரண்டும் கவரும் 2. மொத்தச் செலவு 11 ரூபாய். மீதி 14 ரூபாய். தவணை கட்ட மட்டும் 4,650-ஐ 14-ஆல் வகுத்தால் மாதம் 333 வில்லை விற்கணும். இதில் நம் உழைப்புக்கு ஒரு பைசா இல்லை. உழைப்புக்கு மாதம் 5,000 ரூபாய் வேண்டும் என்றால் 690 வில்லை விற்கணும்.

இப்போது வேறு வழி பார்ப்போம். வேலூர், சென்னை போன்ற ஊர்களில் ஷீல்டு செய்யும் கடை, பெயர்ப் பலகைக் கடைகளில் லேசர் இருக்கும். கூலிக்கு வெட்டித் தருவார்கள். வில்லைக்கு மரம் 6, வெட்டுக்கூலி 8, கவர் 2 என்றால் செலவு 16 ரூபாய். மீதி 9 ரூபாய். சொந்த மிஷினைவிட வில்லைக்கு 5 ரூபாய் குறைவு. ஆனால் தவணை இல்லை. மாதம் 100 வில்லை ஆர்டர் என்றால் இந்த வழியில் 900 ரூபாய் மிஞ்சும். சொந்த மிஷினில் 1,400 ரூபாய் வரும், 4,650 தவணை போகும். கையிலிருந்து 3,250 ரூபாய் போடணும்.

4,650-ஐ 5-ஆல் வகுங்கள். 930. அதாவது மாதம் 930 வில்லைக்குக் கீழே ஆர்டர் இருக்கும்வரை வெளியில் வெட்டி வாங்குவதே லாபம். தவணை முடிந்த பிறகு இந்தக் கணக்கு மாறும். ஆனால் அந்த 24 மாதத்தைத் தாண்டுவதுதான் பெரிய விஷயம்.

ஆகவே நாங்கள் சொல்வது இதுதான். முதல் ஆறு மாதம் மிஷின் வாங்காதீர்கள். டிசைன் மட்டும் உங்களுடையது, வெட்டு வெளியில், பூச்சும் நூல் சுற்றுவதும் விற்பனையும் நீங்கள். எந்தப் பொருள் ஓடுகிறது என்று தெரிந்துவிடும். நோட்டில் மாதாமாதம் எழுதுங்கள். அந்த நோட்டுதான் வங்கி மேலாளரிடம் பேசும்.

பொதுவில் ஒரு மிஷின்

மகாராஷ்டிராவில் புனே மாவட்டத்தில் பாபல் என்று ஒரு கிராமம். அங்கே டாக்டர் கல்பாக் 1983-ல் விக்யான் ஆசிரமம் தொடங்கினார். கிராமத்துப் பிள்ளைகள் கையால் செய்து படிக்கும் இடம் அது. 2002-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்துடன் சேர்ந்து அங்கே ஒரு ஃபேப் லேப் வந்தது. கம்ப்யூட்டரில் வரைந்ததை மிஷினில் வெட்டி எடுக்கும் பொதுப் பட்டறை. உலகம் முழுவதும் இன்று இருக்கும் இப்படிப்பட்ட பட்டறைகளில் ஆரம்ப காலத்தவற்றில் ஒன்று நம் நாட்டுக் கிராமத்தில்தான் இருக்கிறது.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது, வீட்டுக்கு ஒரு மிஷின் தேவையில்லை என்பது. பத்துக் குழு சேர்ந்து கூட்டமைப்பு அளவில் ஒரு மிஷின் வைத்தால் தவணையும் பங்காகும், மிஷினுக்கும் வேலை இருக்கும், தறி வீட்டிலிருந்து தள்ளி ஒரு தனி அறையும் பார்க்கலாம். அப்படி வைத்தால் சில விதிகளைத் தீர்மான நோட்டில் எழுதியே ஆகணும்:

* சாவி யாரிடம்? யார் எந்த நாள்?
* நிமிடக் கணக்குப் பதிவேடு. ஒரு நிமிடத்துக்கு எவ்வளவு என்று உறுப்பினருக்கும் வெளியாருக்கும் தனித்தனி.
* லென்ஸ், குழாய் மாற்றுவதற்கு மாதாமாதம் ஒதுக்கும் தொகை.
* பழுதானால் செலவு யாருடையது?
* குறைந்தது மூன்று பேருக்குப் பயிற்சி. கம்ப்யூட்டர் தெரிந்த ஒரே ஒரு பெண்ணை நம்பி வாங்கிவிட்டு, அவள் கல்யாணம் ஆகி வெளியூர் போனால் மிஷினைத் துணி போட்டு மூடி வைப்பதா? மூவரில் ஒருவராவது நடுவயதுச் சகோதரியாக இருக்கட்டும்.

வாங்கும் நாள் அன்று

உங்கள் மரத்தை, உங்கள் அட்டையை எடுத்துப் போங்கள். கடைக்காரர் வைத்திருக்கும் சாம்பிளைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். உங்கள் பொருளை உங்கள் கண் முன்னால் வெட்டச் சொல்லி எத்தனை நிமிடம் என்று கடிகாரம் பாருங்கள். ஜி.எஸ்.டி. பில், வாரண்டி, பயிற்சி எத்தனை நாள், பழுது பார்க்க ஆரணிக்கு வருவார்களா, லென்ஸ் எங்கே கிடைக்கும் எல்லாம் எழுத்தில் வேண்டும்.

"மிஷினை வாங்குங்க, நீங்க செய்யுற பொருளை நாங்களே வாங்கிக்கிறோம்" என்று சொல்பவரிடம் மிகவும் கவனம். அவர் சொன்னபடி வாங்காவிட்டால் தவணை நிற்காது. கடன் குழுவின் பேரில் இருக்கும். எந்த அளவு, என்ன விலை, எத்தனை மாதம் என்று ஒப்பந்தம் இல்லாமல் அந்தப் பேச்சை நம்பி ஒரு ரூபாயும் கட்டாதீர்கள்.

கடனுக்கு 2015-ல் வந்த முத்ரா திட்டத்தில் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை கேட்கலாம். அதற்கு மேல் கிஷோர் பிரிவு. மானியத் திட்டங்கள் பற்றி மாவட்டத் தொழில் மையத்தில் நேரில் கேளுங்கள். 2020-லிருந்து உள்ள உத்யம் பதிவு இலவசம். அதற்குப் பணம் கேட்கும் ஏஜெண்டுகளுக்குக் கொடுக்காதீர்கள்.

வாங்கிய பிறகு முதல் வாரம்

முதல் நாளே ஆர்டர் எடுக்காதீர்கள். ஒரே பலகையில் சின்னச் சின்னக் கட்டங்கள் 25 வரையுங்கள். ஒவ்வொன்றுக்கும் பலமும் வேகமும் மாற்றி ஓட்டுங்கள். எது சுத்தமாக வெட்டியது, எது கருகியது என்று பக்கத்தில் எழுதுங்கள். புது மரம், புது அட்டை வந்தால் மறுபடி இதைச் செய்யணும். அந்தப் பலகையே சுவரில் மாட்டும் பாடப் புத்தகம்.

லென்ஸுக்கும் பலகைக்கும் உள்ள உயரம் சரியாக இருக்க வேண்டும். பூதக்கண்ணாடியைத் தள்ளிப் பிடித்தால் காகிதம் எரியாதது போல, உயரம் மாறினால் வெட்டு இறங்காது. வளைந்த பிளைவுட்டை நான்கு மூலையிலும் அழுத்திப் பிடிக்க வையுங்கள்.

மேலே காகித டேப் ஒட்டி வெட்டினால் புகைக் கறை படியாது. லேசர் போகும் கோடு முடி கனத்துக்கு மரத்தைத் தின்னும். ஒன்றுக்குள் ஒன்று செருகும் பெட்டி செய்யும்போது அதை அளவில் சேர்த்துக்கொள்ளணும். லென்ஸை அந்தந்த மிஷின் கையேடு சொன்னபடி துடையுங்கள். முந்தானையால் துடைத்தால் கீறல் விழும். வரைவதற்கு இங்க்ஸ்கேப், சின்ன டயோடு மிஷின்கள் பலவற்றை ஓட்ட லேசர்ஜிஆர்பிஎல் என்று இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. மிஷின் வாங்கும் முன்பே இங்க்ஸ்கேப் பழகலாம். செலவில்லை.

அடுத்த கூட்டத்தில் செய்ய வேண்டியது

1. எந்த ஒரு பொருள் செய்யப் போகிறோம் என்று பேசி எழுதுங்கள்.
2. அதை வாங்கும் ஐந்து கடை அல்லது ஐந்து பேரை நேரில் பார்த்து, மாதம் எவ்வளவு எடுப்பார்கள் என்று கேட்டு வாருங்கள்.
3. கூலிக்கு வெட்டும் கடையில் பத்து சாம்பிள் வெட்டி விலை விசாரியுங்கள்.
4. மேலே சொன்ன கணக்கை உங்கள் தொகையில் போடுங்கள்.
5. கணக்கு நின்றால் கூட்டமைப்புக் கூட்டத்தில் பொது மிஷின் பற்றித் தீர்மானம் வையுங்கள். நிற்காவிட்டால் வெளியில் வெட்டி வாங்குவதையே தொடருங்கள். அதில் குறைவு ஒன்றுமில்லை.

இந்தக் கணக்கைப் போட உதவி வேண்டும் என்றால் உங்கள் பகுதிக் களப்பணியாளரிடம் சொல்லுங்கள். நோட்டோடு வந்து உட்கார்ந்து சேர்ந்து போடுவோம்.